ஊர்க்கோயிலில் நான்கு சான்றுகள்

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் இடைக்கால இந்திய வரலாற்று ஆதாரங்களை நடத்தும்போது கல்வெட்டு, நாணயம், இலக்கியம், பயணக்குறிப்பு என்று வரிசையாகச் சொல்கிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரு சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று எடைபோடுவதுதான் கடினம். அதைக் கற்பிக்க உள்ளூர்க் கோயில் நல்ல துணை. கும்மிடிப்பூண்டிப் பகுதியில் பணியாற்றும் நான், இதற்குச் சின்னம்பேட்டில் உள்ள சிறுவாபுரி பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலை எடுத்துக்கொள்கிறேன். சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையிலிருந்து சற்று மேற்கே அமைந்த கோயில் அது.

முதலாவது, ஊர்ப்பெயர்க் கதை. இராமனின் குதிரையைப் பிடித்துக் கட்டிய லவனும் குசனும் இங்கே போர் புரிந்ததால் ‘சிறுவர் போர் புரி’ சிறுவாபுரி ஆனது. ‘சிறுவர் அம்பு எடு’ சின்னம்பேடு ஆனது என்பார்கள். இதே லவ-குசர் கதை சென்னைக் கோயம்பேட்டுக்கும் உண்டு. கோயம்பேடு, மப்பேடு, சின்னம்பேடு மூன்றும் ‘பேடு’ என்றே முடிகின்றன. “எல்லா ஊரிலுமா அம்பு எடுத்தார்கள்?” என்று கேட்டால் வகுப்பு தானாகவே யோசிக்கத் தொடங்கும். கதையைப் பொய் என்று சொல்ல வேண்டாம். நடந்த நிகழ்ச்சி என்றும் சொல்ல வேண்டாம். மக்கள் தங்கள் ஊரை இராமாயணத்தோடு இணைத்துப் பார்த்தார்கள் என்பதற்கு அது உறுதியான சான்று.

இரண்டாவது, இலக்கியம். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் திருப்புகழில் இத்தலத்தைப் பாடியிருக்கிறார். ஆகவே அக்காலத்திலேயே இது அறியப்பட்ட முருகன் தலம் என்று கொள்ளலாம். சிதறிக் கிடந்த திருப்புகழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கியவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. அவர் தேடியிராவிட்டால் இந்தச் சான்று நம் கைக்கு வந்திருக்குமா என்ற கேள்வியும் மாணவர்களுக்கு உரியது.

மூன்றாவது, கண்ணால் காணும் பொருள். கருவறைக்கு எதிரே உள்ள பச்சைக்கல் மயிலை ‘மரகத மயில்’ என்பார்கள். வேலுக்குப் பதிலாக ஜபமாலையும் கமண்டலமும் ஏந்தி நிற்கிறார் மூலவர். பிரம்மனைச் சிறையிலிட்டுப் படைப்புத் தொழிலை ஏற்ற ‘பிரம்ம சாஸ்தா’ கோலம் இது. இப்படி உருவத்தை உற்றுநோக்கிக் குறிப்பெழுதுவதும் வரலாற்றுப் பயிற்சியே. கோயிலின் குடமுழுக்கு 2022இல் நடந்தது. குடமுழுக்கை ஒட்டிப் பழைய கட்டடம் செப்பனிடப்படும். எனவே எது பழையது, எது புதியது என்று பிரித்துப் பார்க்கவும் சொல்லலாம்.

நான்காவது, வாழும் வழக்கம். தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமைகள் வந்து வேண்டினால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. தேவர்கள் தம் ஊரில் மீண்டும் குடியேறுவதைச் சொல்லும் திருப்புகழ்ப் பாடலோடு இதை இணைக்கிறார்கள். தேவர்களின் குடியேற்றத்தைப் பாடிய பாட்டு, இன்று வாடகை வீட்டில் இருப்பவரின் வேண்டுதலாகியிருக்கிறது. பாட்டு பழையது, ஆறு வார வழக்கம் எப்போது பரவியது? இதற்குப் பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். வாய்மொழி வரலாறு திரட்டும் முறை அவர்களுக்குப் பிடிபடும்.

இந்தப் பாடத்தில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. சிப்காட் தொழிற்சாலைகளுக்காக வந்த வெளிமாநிலக் குடும்பங்கள், தெலுங்கு பேசும் எல்லையோரக் குடும்பங்கள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்வோர் எனப் பலர் சேர்ந்ததே கும்மிடிப்பூண்டி. உள்ளூர் வரலாறு என்று சொல்லி ஒரே கோயிலோடு நிறுத்தினால், இவர்களின் பிள்ளைகள் வகுப்பில் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். சொந்த வீடு என்ற ஆசையை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்களும் சொல்ல இடம் தர வேண்டும்.

ஆகவே பெயர்க்கதை, இலக்கியம், பொருள், வழக்கம் என நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்து, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வழிபாட்டிடத்தை அதில் நிரப்பட்டும். பாட்டியின் ஊர் அம்மன் கோயிலாக இருக்கலாம். பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயமாகவோ அங்குள்ள பள்ளிவாசலாகவோ இருக்கலாம். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, அங்கிருந்து அடுத்த வாரத் தேடலைத் தொடங்கலாம். இரண்டு பாடவேளைகளும் ஒரு வார விடுமுறையும் இதற்குப் போதும்.