தன்னார்வலர்வழி மென்பொருள் வெளியீட்டுச் சோதனை: ஒருங்கிணைப்பு முறைமையின் வடிவமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்ற இயங்குதளங்கள் வெளியிடப்படுவதற்குமுன் அவற்றைச் சோதிப்பதில் தன்னார்வலர்கள் பெரும்பங்கு வகிக்கின்றனர். சிதறிக் கிடக்கும் அவர்களது உழைப்பை ‘வெளியிடலாமா, கூடாதா’ என்னும் ஒற்றை முடிவுக்கு உதவும் சான்றாக மாற்றுவதே ஒருங்கிணைப்பு முறைமையின் பணியாகும். ஃபெடோரா, உபுண்டு ஆகிய திட்டங்களின் நடைமுறைகளைக் கொண்டு அத்தகைய முறைமையின் வடிவமைப்புச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், வெளியீட்டுச் சோதனை, தன்னார்வலர், தடைவழு, ஃபெடோரா, உபுண்டு, தமிழ் ஒருங்குறி

முன்னுரை

ஊதியம் பெறும் சோதனையாளரிடம் ஒரு பணியை இன்ன நாளுக்குள் முடித்துத் தருமாறு கேட்கலாம். தன்னார்வலரிடம் அவ்வாறு கேட்க இயலாது. அவர் தமக்கு வாய்த்த நேரத்தில், தம்மிடமுள்ள கணினியில், தமக்கு விருப்பமான பகுதியையே சோதிப்பார். சோதித்ததைப் பதிவு செய்யாமல் விடவும் கூடும். எனவே பணியைப் பகிர்ந்தளிப்பதைவிட, எது இன்னும் சோதிக்கப்படவில்லை என்பதை அனைவருக்கும் புலப்படுத்துவதே இத்தகைய முறைமையின் முதற்கடமை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வெற்றுக் கட்டம்

ஃபெடோரா ஆண்டுக்கு இருமுறை, ஏறத்தாழ ஏப்ரல், அக்டோபர் மாதங்களை இலக்காகக் கொண்டு வெளிவருகிறது. ஒவ்வொரு வெளியீட்டிற்கும் நிறுவல், அடிப்படை இயக்கம், மேசைத்தளம், வழங்கி முதலிய பிரிவுகளில் சோதனை அட்டவணைகள் விக்கிப் பக்கங்களாக உருவாக்கப்படுகின்றன. சோதனைக்கூறுகள் நிரைகளிலும், கணினிக் கட்டமைப்பு அல்லது மேசைத்தள வகை நிரல்களிலும் அமையும். சோதிப்பவர் உரிய கட்டத்தில் தம் பயனர் பெயருடன் ‘தேறியது’, ‘தவறியது’, ‘எச்சரிக்கை’, ‘நடைபெறுகிறது’ என்பவற்றுள் ஒன்றைக் குறிக்கிறார். தவறியிருப்பின் வழு எண்ணையும் சேர்க்கிறார்.

எளிமையானது எனினும் இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உள்ளது. வெற்றுக் கட்டம் ‘எவரும் தொடவில்லை’ என்பதைத் தெளிவாக அறிவிக்கிறது. வழுப்பதிவேட்டை மட்டும் நம்பும் திட்டத்தில் இந்த அறிவிப்பு கிடைக்காது. வழு பதிவாகவில்லை என்பதற்கு வழு இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். எவரும் பார்க்கவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். வெற்றிச் செய்தியையும் பதிவு செய்ய வைப்பதால்தான் அட்டவணை சான்றாகிறது. ‘நடைபெறுகிறது’ என்னும் குறியும் சிறிதாகத் தோன்றினாலும் பயனுடையது. ஒரே சோதனையை இருவர் அறியாமல் செய்து நேரம் இழப்பதை அது குறைக்கிறது.

விக்கி அட்டவணையின் குறை, தொடரியலைப் பிழையின்றித் திருத்த வேண்டியிருப்பதாகும். இதனைத் தவிர்க்க, கட்டளைவழியே முடிவைப் பதிவு செய்யும் கருவியை ஃபெடோராவின் சோதனைக் குழுவினர் உருவாக்கினர். தானியங்கிச் சோதனைகளின் முடிவுகளும் அதே அட்டவணையில், மனிதர் பதிவினின்று வேறுபடுத்திக் காட்டப்பட்டு இடம்பெறுகின்றன. நிறுவலை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கும் சலிப்பான வேலையை எந்திரம் ஏற்றுக்கொண்டால், தன்னார்வலரின் நேரம் பழைய வன்பொருள், புதிரான வட்டுப் பிரிப்பு ஆகியவற்றுக்குக் கிடைக்கிறது.

படிமம் மாறும்போது

உபுண்டுவின் சோதனைக் கண்காணிப்புத் தளம் விக்கியன்று, தரவுத்தளம். மைல்கல், அதன்கீழ் வட்டுப் படிமம், அதன்கீழ் சோதனைக்கூறு என்னும் படிநிலையில் முடிவுகள் சேமிக்கப்படுகின்றன. இங்கு முதன்மையான வடிவமைப்பு முடிவு, ஒவ்வொரு முடிவையும் குறிப்பிட்ட ஒரு படிமத்துடன் பிணைப்பதாகும். வழு ஒன்றைத் திருத்திப் புதிய படிமம் உருவாக்கப்பட்டால் முந்தைய முடிவுகள் பழைய படிமத்திற்கே உரியனவாகி, அட்டவணை மீண்டும் வெறுமையாகிறது.

சான்றின் தூய்மை நோக்கில் இது சரியே. ஆனால், நேற்று மாலை முழுதும் செலவிட்டவரின் உழைப்பு இன்று காலை கணக்கில் இல்லாமற்போவது அவரை விலகச் செய்யும். பல நூறு மெகாபைட்டோ சில கிகாபைட்டோ அளவுள்ள படிமத்தை மீண்டும் தரவிறக்குவதும் எளிதன்று. மாறிய பகுதியை மட்டும் பெறும் ஸீசிங்க் என்னும் நுட்பத்தை உபுண்டு வழங்குவது இச்சுமையைக் குறைக்கிறது. முடிவுகளைப் பொறுத்தவரை, பழையவற்றை அழிக்காமல் எப்படிமத்தில் பெறப்பட்டவை என்னும் குறிப்புடன் அருகில் காட்டுவதே நேர்மையான நடுவழி. திருத்தப்பட்ட நிரற்பொதி அச்சோதனையைத் தொடாது என்று தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் முறைமையிடம் விடாமல் மனிதரிடம் விட வேண்டும்.

தடுக்கும் உரிமை

ஃபெடோராவில் வெளியீட்டு அளவைகள் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன. எவரும் ஒரு வழுவைத் தடைவழுவாக முன்மொழியலாம். ஆனால் அது எழுதப்பட்ட எந்த அளவையை மீறுகிறது என்று காட்ட வேண்டும். ஆய்வுக்குப்பின் ஏற்கப்பட்டால் அவ்வழு தீரும்வரை வெளியீடு நிற்கும். இறுதியில் தரச்சோதனை, உருவாக்கம், வெளியீட்டுப் பொறியியல் ஆகிய தரப்பினர் கூடி முடிவெடுக்கின்றனர். புதிய நிறுவல் நிரலுடன் வந்த ஃபெடோரா 18, 2012 நவம்பரில் திட்டமிடப்பட்டுப் பலமுறை தள்ளிப்போய் 2013 ஜனவரி 15 அன்றே வெளிவந்தது. கடைசி நாட்களில் முன்மொழியப்படும் தடைவழுவை அடுத்த வெளியீட்டிற்கு ஒத்திவைக்கும் விலக்கும் உண்டு. இவ்விலக்கு இல்லையெனில் எந்த வெளியீடும் முடியாது. தாராளமானால் அளவைகளுக்கு மதிப்பிராது.

தமிழ்ச் சோதனைக்கூறு

ஃபெடோரா பன்னாட்டுமயமாக்கலுக்கெனத் தனிச் சோதனை நாட்களை நடத்துகிறது. தமிழ் பயன்படுத்துவோர் பங்கேற்கத்தக்க இடம் இதுவே. ஆயினும் ‘தமிழ் சரியாகத் தெரிகிறதா?’ என்னும் சோதனைக்கூறு பயனற்றது. ‘தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க, உரைத்தொகுப்பியில் கொ, கோ, கௌ ஆகியவற்றைத் தட்டுக, குறிகள் பிரிந்து தெரிந்தால் தவறியது எனக் குறிக்க’ என்பது போன்ற செயல்முறையே வெவ்வேறு நபர்களிடமிருந்து ஒப்பிடத்தக்க விடையைத் தரும்.

அதிலும் ஓர் இடர் உண்டு. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தைக் கொண்டு எழுதுவது ஒரு குறிவரிசை. 2005இல் ஒருங்குறி 4.1இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டு எழுதுவது மற்றொன்று. எழுத்துரு இவற்றுள் ஒன்றை மட்டுமே கூட்டெழுத்தாக்குமாயின், ஒருவர் ‘தேறியது’ என்பார், மற்றவர் ‘தவறியது’ என்பார். இருவரும் உண்மையே உரைத்திருப்பர். ஆகவே தமிழ்ச் சோதனைக்கான பதிவுப் படிவத்தில் முடிவுடன் விசைப்பலகை அமைப்பு, எழுத்துருவின் பதிப்பு, தட்டப்பட்ட ஒருங்குறி வரிசை ஆகிய மூன்றுக்கும் தனிப்புலங்கள் தேவைப்படுகின்றன. இவற்றுள் முதலிரண்டையும் கருவியே கணினியிலிருந்து திரட்டிவிடலாம். மூன்றாவதற்கு, சோதனையாளர் தட்டிய உரையைப் படமாக அன்றி உரையாகவே இணைக்கச் செய்தல் வேண்டும்.