கைப்பேசியும் கரிசல் காடும்

 

நம் திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் காடு பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று விதைக்கிறோம். உரம் போட்ட மறுநாளே பெருமழை அடித்தால் பணமும் போகிறது. கரைந்தோடும் உரம் கண்மாய்த் தண்ணீரையும் கெடுக்கிறது. மழையை முன்கூட்டி அறிந்து செய்தால் செலவும் குறையும், மண்ணும் தண்ணீரும் பிழைக்கும்.

இதற்கான வழி இன்று நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தமிழக அரசு 2018-இல் தொடங்கிய உழவன் செயலியில் வானிலை, சந்தை விலை, உர இருப்பு, மானியம், இயந்திர வாடகை ஆகியவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம். வானிலைத் துறையின் மேக்தூத் செயலியில் செவ்வாய், வெள்ளிதோறும் பயிர் ஆலோசனை வருகிறது. சாதாரண கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்கள் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

பயிர்க் காப்பீட்டில் நாள் தவறினால் நஷ்டம் நமக்கே. காப்பீடு செய்த வயலில் வெள்ளம் தேங்கி உளுந்தோ மக்காச்சோளமோ அழிந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ சொல்லலாம். வயலை உடனே படம் எடுத்து வைப்பதும் நல்லது. 'அடுத்த வாரம் ஆபீசுக்குப் போவோம்' என்று இருந்துவிட்டால், கட்டிய பிரீமியம் வீணாகிவிடலாம்.

ஒருவர் அறிந்தது ஊருக்கே பயன்பட வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அதை நல்லவாடு கிராம மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்ததால் மக்கள் உயிர் தப்பினர். தகவல் வந்தது ஒருவருக்கு, பிழைத்தது ஊர்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 'பி.எம். கிசான் பணம் வந்துள்ளது' என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பைத் தொடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கல்லூரியிலும் பிளஸ் டூவிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் அரை மணி நேரம் வாப்பாவுக்கோ பக்கத்துக் காட்டுக்காரருக்கோ ஒதுக்குங்கள். அவருக்காக நீங்களே பார்த்துச் சொல்வதோடு நிறுத்தாமல், அவர் கையாலேயே பார்க்கப் பழக்கிவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் எந்தச் சமுதாயத்தவர் என்று பார்க்க வேண்டாம். எல்லோர் காட்டிலும் பெய்வது ஒரே மழைதான். வரும் விதைப்புக்குள் நம் மஹல்லாவின் ஒவ்வொரு விவசாய வீட்டிலும் ஒருவராவது இதைக் கற்றிருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.