வெண்ணெய் நாட்டில் ஒரு பல்கலைக் கழகம்

குடியானவன் ஒருவனிடம் வைத்தியர் வந்து, "நீ உற்பத்தி செய்யும் பொருளே உன் உயிருக்கு உலை வைக்கிறது" என்று சொன்னால் அவன் என் செய்வான்? பின்லாந்து நாட்டில் இக்கேள்வி உண்மையாகவே எழுந்தது. அது தீர்ந்த விதம் நம் சங்க அங்கத்தினர்கள் அறியத் தக்கதாகையால் ஈண்டு எழுதுகின்றோம். முதலில் அந்நாட்டு மாணவர்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பின்லாந்தின் மாணவர்களைக் காசநோய் வாட்டி வதைத்தது. தறியில் அமர்ந்து பாடுபடும் நம் அன்பர்களுக்கு அந்நோயின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாணவர்களின் தேசிய ஒன்றியம் 1954-ஆம் ஆண்டில் தங்களுக்கெனச் சுகாதார நிலையம் ஒன்றைத் தாங்களே நிறுவிற்று. காசநோயை முன்னிட்டுப் பிறந்த அப்பணி பல் வைத்தியம், மனநல வைத்தியம் என விரிந்தது. 2021-ஆம் ஆண்டு முதல் தொழிற்கல்லூரி மாணவர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டில் மாணவர் ஒருவர் பருவத்துக்குச் செலுத்திய சந்தா 35 யூரோ 80 சென்ட். மொத்தச் செலவில் 23 விழுக்காடு மாணவர் பங்கு. எஞ்சிய 77 விழுக்காடு அரசாங்கத்தின் பங்கு. வைத்தியரைக் காணக் கட்டணம் இல்லை. ஆனால் நேரம் குறித்துவிட்டு வாராதிருப்பவரிடம் அபராதம் வசூலிப்பார்கள். இவ்விதி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது!

மாணவர்கள் தாமே முயன்று தேடிக்கொண்ட நலம் இது. வளாகத்துக்கு வெளியே, நாட்டின் கீழ்த்திசையில் உள்ள வட கரேலியா மாகாணத்திலும் மக்களே முதலில் குரல் எழுப்பினர். அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மடிவது மிகுதியாக இருந்தது. காடு வெட்டியும் மாடு மேய்த்தும் உரமேறிய உடம்பினர் அவர்கள். எனினும் வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு, புகையிலை ஆகியவை அவர்களுடைய அன்றாட வாழ்வில் நிறைந்திருந்தன. 1971-ஆம் ஆண்டு மாகாண ஆளுநரும் மக்கட் பிரதிநிதிகளும் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் செய்தனர். மறு ஆண்டே வேலை துவங்கியது. அதே 1972-இல் பாடம் நடத்தத் தொடங்கிய குவோப்பியோ பல்கலைக் கழகத்தின் ஆய்வாளர்கள் இதில் ஈடுபட்டனர். பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியர் தலைமை தாங்கினார்.

அவர்கள் மருந்துப் பெட்டியோடு மட்டும் ஊருக்குள் செல்லவில்லை. 'மார்த்தா' என்னும் இல்லத்தரசியர் சங்கத்தை நாடினர். அச்சங்கத்துப் பெண்மணிகள் ஊர் தோறும் கூடிச் சமைத்துக் காட்டினர். பழைய இறைச்சிக் குழம்பில் கொழுப்பைக் குறைத்துக் காய்கறிகளைச் சேர்த்தனர். கூடத்தில் உண்டு ருசி பார்த்தவர்கள் வீட்டிலும் அவ்வாறே சமைக்கலாயினர். நூறு பிரசங்கங்கள் செய்ய முடியாததை ஒரு குழம்புச் சட்டி செய்துவிடும் என்றே நாம் கருதுகின்றோம்.

ஆனால் வெண்ணெய் விற்றுப் பிழைத்தவர்களின் கதி? பின்லாந்தின் பால் தொழில் கூட்டுறவிலே வளர்ந்தது. உற்பத்தியாளர் சங்கங்களுக்குச் சொந்தமான 'வாலியோ' 1905-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. வெண்ணெயைக் குறைக்கும்படி ஊருக்கு உபதேசம் செய்தால் பால் பண்ணையாளர் சினங்கொள்ளாமல் இருப்பாரோ? சினந்தனர், எதிர்த்தனர். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. வயிற்றுப் பிழைப்பைப் பற்றிய அச்சம் நியாயமான அச்சமே. சிறுகனித் திட்டம் ஒன்று வந்தது 1985-ஆம் ஆண்டில்தான். ஸ்ட்ராபெரி, கரண்ட் முதலிய கனிகள் அக்குளிர் நாட்டில் நன்கு விளைவன. பால் பண்ணையாளர் அவற்றைப் பயிரிட உதவியும், மக்கள் அவற்றை வாங்கி உண்ணப் பிரசாரமும் ஒருங்கே நடந்தன. கடுகினத்தைச் சேர்ந்த எண்ணெய் வித்துப் பயிரும் பெருகி, வெண்ணெய் இருந்த இடத்தில் உள்நாட்டு எண்ணெய் வந்தது. இவையெல்லாம் முதலாண்டிலேயே திட்டத்தில் இடம்பெற்றிருந்தால் மனக்கசப்பு பெரிதும் குறைந்திருக்கும்.

நாற்பது ஆண்டுகளுக்குள், வட கரேலியாவில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களிடையே இதய நோய் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. புதிய சிகிச்சை முறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. எனினும் உணவும் புகைப் பழக்கமும் மாறியதே முதற் காரணம் என ஆய்வாளர் கூறுகின்றனர். 2010-ஆம் ஆண்டில் குவோப்பியோ பல்கலைக் கழகம் வட கரேலியாவின் தலைநகரான யோயென்சூவிலிருந்த பல்கலைக் கழகத்துடன் ஒன்றாயிற்று. கிழக்குப் பின்லாந்துப் பல்கலைக் கழகம் என்ற பெயரில் இரண்டு ஊர்களிலும் அது நடைபெறுகின்றது.