வாரம் ஒரு நன்றிக் குறிப்பு எழுதிப் பழகுவோம்



மலேசியாவில் மே 16 ஆசிரியர் தினம். சிங்கப்பூரில் செப்டம்பர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. அந்த நாளில் ஆசிரியர் மேசையில் வாழ்த்து அட்டைகள் குவியும். ஒரு வகுப்பிலிருந்து 30 அட்டை வந்தால் முப்பதிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான் இருக்கும்: "தங்களுக்கு என் கோடானுகோடி நன்றிகள். தங்கள் சேவை தொடரட்டும்." பிள்ளைகளின் அன்பில் குறை எதுவும் இல்லைங்க. எழுதிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் செய்கிற வேலை எப்படிப் பழக்கமாகும்?

நன்றிக் குறிப்பு என்றால் என்ன, அதில் என்ன எழுதுவது, அதை வாராந்தரப் பழக்கமாக்குவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். கடிதமும் மின்னஞ்சலும் எழுத வேண்டிய தேர்வு மாணவர்களுக்கும் இதில் பயன் உண்டு.

'நன்றி' என்ற சொல்லிலேயே வழி இருக்கிறது

திருக்குறளின் 11-ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றியறிதல்'. 101 முதல் 110 வரையிலான பத்துக் குறள்கள் அதில் உள்ளன. தலைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அங்கே 'நன்றி' என்பதற்கு நன்மை என்று பொருள். ஒருவர் நமக்குச் செய்த நன்மையை அறிவதுதான் செய்ந்நன்றியறிதல். நாம் இப்போது 'தேங்க்ஸ்' என்பதற்கு ஈடாகச் சொல்கிற 'நன்றி' வேறு. வள்ளுவர் பேசுகிற 'நன்றி' வேறு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நன்றிக் குறிப்பில் எழுத வேண்டியது எது என்பது இந்தப் பொருளிலேயே தெரிந்துவிடுகிறது. அவர் செய்த நன்மை எது? அதை நான் அறிந்தேனா? இந்த இரண்டும் குறிப்பில் இருந்தால் போதும். 'நன்றி' என்ற சொல் ஒரு முறை வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி. செய்த செயலைச் சொல்லாமல் 'கோடி நன்றி' என்று எழுதினால், படிப்பவருக்கு எதற்காக என்றே தெரியாது.

யாருக்கு எழுதுவது என்று திகைப்பவர்களுக்கும் அதே அதிகாரம் வழி காட்டுகிறது. முதல் மூன்று குறள்களும் மூன்று வகை உதவிகளைப் பற்றிப் பேசுகின்றன. நாம் முன்பு எதுவும் செய்யாதிருந்தும் ஒருவர் தாமாகச் செய்தது; தக்க நேரத்தில் வந்து கைகொடுத்தது; என்ன பலன் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்காமல் செய்தது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு போன வாரத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கட்டாயம் யாராவது ஒருவர் கண்ணில் படுவார். வேனில் இடம் பிடித்து வைத்த தோழி, மழையன்று கூடுதலாகப் பத்து நிமிடம் காத்திருந்த வேன் அங்கிள், சில்லறை குறைந்தபோது "நாளைக்குக் கொடு தம்பி, போ" என்ற சிற்றுண்டிச்சாலை அக்கா என்று யாராகவும் இருக்கலாம்.

மூன்று கேள்விகள், ஆறு வரிகள்

ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. அவர் என்ன செய்தார்? (ஒரே ஒரு செயல் போதும்)
2. அதைச் செய்ய அவருக்கு என்ன சிரமம்? (நேரம், பணம், அலைச்சல், பொறுமை)
3. அதனால் எனக்கு என்ன ஆனது?

இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். உதவி செய்தவர் தம் சிரமத்தைத் தாமே சொல்ல மாட்டார். அதை நாம் கவனித்திருக்கிறோம் என்று தெரியும்போதுதான் அவர் மனம் நிறைகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மலேசியாவில் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, பள்ளி நேரத்தில் தமிழ் வகுப்பு கிடைக்காத மாணவர்கள் பலர் உண்டு. அவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் உண்டு. எஸ்.பி.எம். முடிவு வந்ததும் அந்த ஆசிரியருக்குப் புலனத்தில் வருகிற செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"டீச்சர், தமிழ் A+. தேங்க்ஸ் டீச்சர்."

சந்தோஷமான செய்திதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசிரியர் செய்தவற்றில் எது அந்த மாணவருக்கு உதவியது என்பது இதில் இல்லை. இப்போது மூன்று கேள்விகளையும் வைத்து எழுதியதைப் பாருங்கள்:

"அன்புள்ள டீச்சர், வணக்கம். போன வருடம் எனக்கு வலி மிகும் இடம், மிகா இடம் பிடிபடவே இல்லை. நீங்கள் என் கட்டுரையில் ஒற்று விடுபட்ட இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துக் கொடுத்தீர்கள். சரியான எழுத்தை நானே கண்டுபிடித்து நிரப்பினேன். 18 பேர் கட்டுரைக்கும் அப்படிப் புள்ளி வைக்க உங்கள் வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் போயிருக்கும் என்று இப்போதுதான் யோசித்தேன். இன்றைக்கும் எதை எழுதி முடித்தாலும் புள்ளி வைத்துப் பார்க்கிறேன். நன்றி, டீச்சர்."

இதில் பெரிய அலங்காரச் சொல் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் குறிப்பை வேறு எந்த ஆசிரியருக்கும் அனுப்ப முடியாது. அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் குறிப்பு சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க இதுவே எளிய வழி: பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்ப முடிகிறதா? முடிந்தால் இன்னும் ஒரு விவரம் தேவை.

அதோடு, பென்சில் புள்ளி பயன்பட்டது என்று தெரிந்த ஆசிரியர் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் அதைச் செய்வார். தெரியாவிட்டால், "இதெல்லாம் யாருக்குப் பயன்படப்போகுது" என்று விட்டுவிடவும் கூடும். அந்த ஆறு வரிகளின் பலன் யாரோ ஒரு மாணவரையும் போய்ச் சேரும்.

வீட்டில் 'நன்றி' சொன்னால் சிரிக்கிறார்களே!

மாணவர்கள் வழக்கமாகச் சொல்கிற தயக்கம் இது. அம்மாவிடம் போய் "நன்றி அம்மா" என்றால், "என்னடா புதுசா? என்ன வேணும் உனக்கு?" என்று கேட்பார். நம் வீடுகளில் நெருங்கியவர்களுக்கு நன்றி சொல்வது அந்நியர்போலத் தோன்றுவது உண்மைதான்.

இதற்கும் மேலே சொன்ன முறையே கைகொடுக்கும். சொல்லை விட்டுவிட்டுச் செயலை மட்டும் எழுதுங்கள். ஒரு துண்டுத் தாளில், வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்:

"அம்மா, நேத்து மழையில ஸ்கூல் கேட் முன்னாடி குடை இல்லாம நின்னுக்கிட்டு இருந்தீங்க. குடைய என் பைக்குள்ள வச்சு விட்டீங்கன்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்."

இதில் 'நன்றி' என்ற சொல்லே கிடையாது. ஆனால் அம்மாவுக்குப் புரியும்.

பழக்கமாக்குவது எப்படி?

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமக்கு நல்லது செய்தும், முறையாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, ஒரு வாரத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும்படி பங்கேற்பாளர்களிடம் கூறப்பட்டது. எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. ஒரு மாதம் வரை அந்த நல்ல விளைவு தெரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அது மறைந்திருந்தது. ஒரு தடவை எழுதியதன் பலன் ஒரு தடவையோடு போய்விடுகிறது. ஆகவேதான் பழக்கம் தேவைப்படுகிறது.

2018-இல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் வெளியிட்ட ஆய்வு, நம்முடைய தயக்கத்துக்கு விடை சொல்கிறது. நன்றி மடல் எழுதியவர்கள், பெறுபவர் அடையப்போகும் வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைத்தே மதிப்பிட்டார்கள். அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்பதை மிகைப்படுத்தி நினைத்தார்கள். எழுதுபவருக்கு 'சொற்கள் சரியாக அமைந்தனவா' என்ற கவலை. பெறுபவர் கவனிப்பதோ அதிலுள்ள அன்பை. "எனக்கு அழகாக எழுத வராதே" என்று தள்ளிப்போடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் செய்வதற்குச் சில யோசனைகள்:

நேரத்தை நிலையாக வையுங்கள். வாரத்தின் கடைசித் தமிழ்ப் பாடத்தில் கடைசிப் பத்து நிமிடம் போதும். பள்ளியாண்டு 40 வாரம் என்று கொண்டால், ஒரு மாணவர் 40 குறிப்புகள் எழுதியிருப்பார்.

கவனித்ததை அன்றன்றே குறித்து வைக்கச் சொல்லுங்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் "திங்கள் – கணேச மாமா – டயர்" என்று மூன்று சொல் இருந்தாலே போதும். வெள்ளிக்கிழமை "யாருக்கு எழுதுறதுன்னு தெரியல சார்" என்ற பேச்சு வராது.

ஒரே ஆளுக்கு எல்லாரும் எழுதும்படி சொல்ல வேண்டாம். அப்படிச் செய்தால் பழையபடி 30 ஒரே மாதிரி அட்டைதான் வரும்.

புள்ளி போடாதீர்கள். முதல் வரைவில் பிழை திருத்தலாம். திருத்தி எழுதிய படி மாணவருக்கும் அதைப் பெறுபவருக்கும் உரியது. சிவப்பு மையோடு யாரும் நன்றிக் குறிப்பு அனுப்ப மாட்டார்கள்.

அனுப்பினார்களா என்று மட்டும் கேளுங்கள். எழுதிய குறிப்பு பைக்குள்ளேயே கிடந்தால் பயன் இல்லை. நேரில் கொடுக்கலாம், புலனத்தில் அனுப்பலாம், தபாலிலும் போடலாம். தபால் என்றால் முகவரி எழுதவும் பழகுவார்கள். மலேசியாவில் அஞ்சல் குறியீடு 5 இலக்கம், சிங்கப்பூரில் 6 இலக்கம்.

தேர்வு மாணவர்களுக்கு

உறவுக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதும்போது, "நலம், நலமறிய ஆவல்" வரை வேகமாக வந்துவிட்டு அதற்கு மேல் என்ன எழுதுவது என்று நிற்பவர்கள் உண்டு. வாராவாரம் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பழகியவருக்கு அந்தச் சிக்கல் குறையும். செயல், சிரமம், விளைவு என்ற வரிசை ஒரு பத்திக்குப் போதுமான கருத்தைத் தந்துவிடும்.

மொழியில் மூன்று இடங்களில் கவனம் தேவை. 'நன்றிகள்' வேண்டாம், 'நன்றி', 'மிக்க நன்றி', 'மனமார்ந்த நன்றி' என்று எழுதுங்கள். 'நன்றிக் கடிதம்', 'நன்றிக் குறிப்பு' இரண்டிலும் ஒற்று மிகும். 'நீங்கள்' என்று தொடங்கினால் கடைசி வரை அதே. நடுவில் 'தாங்கள்', 'நீ' என்று மாற்றக் கூடாது. வீட்டுக் குறிப்பில் பேச்சுத் தமிழ் வரலாம். தேர்வுத்தாளில், உரையாடல் தவிர மற்ற இடங்களில் எழுத்துத் தமிழே வர வேண்டும்.

ஆசிரியர்களும் எழுதலாமே

பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது என்றாலே பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். "என்ன பண்ணித் தொலைச்ச?" என்று பிள்ளையிடம்தான் முதலில் கேட்பார்கள். அந்த வீட்டுக்கு இப்படி ஒரு குறிப்பு போனால் எப்படி இருக்கும்?

"வணக்கம். புதிதாக மாறி வந்த மாணவனை இந்த வாரம் முழுக்க உங்கள் மகன்தான் தன் பக்கத்தில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை, தானாகவே செய்தான். எனக்கு அது பெரிய உதவி."

வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தேர்வில் 40-ஐத் தாண்டாத பிள்ளையாகக்கூட அவன் இருக்கலாம். அந்த வீட்டில் பள்ளியிலிருந்து வந்த முதல் நல்ல செய்தி இதுவாகவும் இருக்கலாம். அவனுக்குப் புள்ளி கொடுக்க விடைத்தாளில் இடம் இல்லை. இந்தக் குறிப்பில்தான் இடம் இருக்கிறது.

இந்த வாரம் உங்கள் பட்டியலில் முதல் பெயரை எழுதுங்கள். பணி ஓய்வு பெறப்போகிறவர், வேறு பள்ளிக்கு மாறுகிறவர், உடல்நலம் குன்றியவர் யாராவது இருந்தால் அவரை முதலில் வையுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த வாரமும் எழுதிக்கொள்ளலாம்.