பம்ப்பிங் லெம்மா: மாணவர்கள் சறுக்குவது எங்கே?

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 'தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்' தாள் என்றாலே கோடிங்கில் கெட்டிக்காரர்களும் அரியர் பயத்தில் டியூஷன் தேடுகிறார்கள். "புரோகிராம்னா ஓட்டிப் பார்க்கலாம், இதை எப்படி சார் ஓட்டுறது?" என்பது அங்கே சகஜமான கேள்வி. கேட் தேர்விலும் இந்தப் பாடம் உண்டு.

அதிகம் படுத்துவது பம்ப்பிங் லெம்மா. எத்தனை 'அ' வருகிறதோ, அதன்பின் அத்தனை 'ஆ' வர வேண்டும் என்பது விதி. ஃபைனைட் ஆட்டோமேட்டாவால் இதைச் சரிபார்க்க முடியாது. அதன் நிலைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எவ்வளவு நீளமானாலும் எண்ணி நினைவில் வைக்க இடமில்லை.

நிரூபிக்கும்போது பலர் பம்ப்பிங் நீளத்தை 3 என்று தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். விடை சரிபோலத்தான் தெரியும். ஆனால், தோற்றது 3 நிலை இயந்திரம் மட்டுமே. 300 நிலை இயந்திரம் அப்படியே நிற்கிறது!

மனப்பாடத்தைவிட, இருவர் ஆடும் ஆட்டமாகச் சொல்லித்தருவது மேல். நீளத்தைச் சொல்பவர் எதிராளி. அத்தனை 'அ', அத்தனை 'ஆ' எழுதித் தருபவர் மாணவர். எதிராளி முதல் அத்தனை எழுத்துகளுக்குள் ஒரு துண்டைப் பிரிக்க வேண்டும்; அதில் 'அ' மட்டுமே இருக்கும். அந்தத் துண்டை மாணவர் இரட்டித்தால் 'அ' கூடிவிடும், 'ஆ' கூடாது. ஆட்டம் முடிந்தது.

இன்னொரு பொறியும் உண்டு. லெம்மாவில் தேறிவிட்டது என்பதற்காக ஒரு மொழி ரெகுலர் ஆகிவிடாது.