சூசன்னா வரலாற்றில் பொய்ச்சாட்சியமும் மீட்பும்

ஆய்வுச் சுருக்கம்

இறைப்பற்று மிக்க பெண்ணொருத்தி பொய்ப்பழிக்கு ஆளாகிக் கொலைத்தண்டனை பெற்று, இறுதியில் மீட்கப்படுவதைக் கூறும் பண்டைய யூத இலக்கியம் சூசன்னா வரலாறு. இம்மீட்பு இறையருளின் வெளிப்பாடு என்றே பெரிதும் விளக்கப்படுகிறது. அவ்வருள் எவ்வழியில் செயற்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைக் காக்க எழுந்த இரு சாட்சி விதியே சூசன்னாவைக் கொல்லும் கருவியாக மாறுவதையும், அவ்விதி முறையாகப் பின்பற்றப்பட்டபோது அவள் உயிர் தப்புவதையும் இரு கிரேக்க வடிவங்களின் துணையுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சூசன்னா, தானியேல், இரு சாட்சி விதி, பொய்ச்சாட்சியம், மிஷ்னா

முன்னுரை

சூசன்னா வரலாறு எபிரேய விவிலியத்தில் இடம்பெறவில்லை. கிரேக்க மொழியில் இரு வடிவங்களாக அது கிடைக்கிறது. ஒன்று பழங்கிரேக்க வடிவம். மற்றொன்று தியொதோத்தியோன் பெயரால் வழங்கும் விரிவான வடிவம். கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரமாக அமைவது பின்னதே. இக்கதை கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கதை பாபிலோனில் வாழ்ந்த யூதச் சமூகத்தில் நிகழ்கிறது. இல்க்கியாவின் மகளும் யோவாக்கிமின் மனைவியுமான சூசன்னா மோசேயின் சட்டத்தில் பயிற்றுவிக்கப்பட்டவள். நீதி வழங்கும் பொறுப்பிலிருந்த முதியோர் இருவர் அவளை அடைய விரும்பி, இணங்காவிடில் இளைஞன் ஒருவனுடன் அவள் கூடியிருந்ததாகச் சாட்சி சொல்வோம் என்று அச்சுறுத்துகின்றனர். இணங்கினால் கடவுளுக்கு எதிரான பாவம்; மறுத்தால் சாவு. அவள் மறுக்கிறாள்.

உண்மையால் நெய்யப்பட்ட பொய்

தியொதோத்தியோன் வடிவத்தில் சூசன்னா நீராடுவதற்காகத் தோழியரை எண்ணெய் முதலியவை கொண்டுவர அனுப்புகிறாள். தோட்டத்துக் கதவுகள் அடைக்கப்படுகின்றன. பழங்கிரேக்க வடிவத்தில் இந்நீராடல் காட்சி இல்லை. அவள் மாலையில் தோட்டத்தில் உலவுவது மட்டுமே கூறப்படுகிறது. பிற்கால ஓவியர்கள் பலமுறை தீட்டிய இக்காட்சி கதையின் வழக்கியல் அமைப்பில் முக்கியப் பங்கு பெறுகிறது. முதியோர் தம் சாட்சியத்தில், அவள் கதவுகளை அடைத்துத் தோழியரை அனுப்பிவிட்டாள் என்கின்றனர். அது நடந்த செய்தியே. அதனுடன் இல்லாத இளைஞன் ஒருவனைச் சேர்த்து, அவன் தம்மினும் வலியவன் ஆதலால் தப்பியோடினான் என்று முடிக்கின்றனர். மெய்யான செய்திகளின் மேல் எழுப்பப்பட்டதால் அப்பொய்யை மறுப்பது கடினமாகிறது.

இவ்வடிவத்தில் சூசன்னா உரத்த குரலில் கூவுகிறாள். இணைச்சட்டம் (உபாகமம்) 22:23-24, நகரினுள் வன்முறைக்கு ஆளாகும் மணஒப்பந்தமான பெண் கூக்குரலிடாதிருந்தால் அதனை அவளுடைய குற்றமாகக் கொள்கிறது. அச்சட்டத்தை அறிந்தோர்க்குச் சூசன்னாவின் குரல் அவளது குற்றமின்மைக்குச் சான்றாகும். ஆயினும் முதியோரும் உடன் கூவி அச்சான்றை மூழ்கடிக்கின்றனர். ஓடிவந்த பணியாளர் முதியோரின் கூற்றைக் கேட்டு நாணினர். அவளைப் பற்றி அத்தகைய சொல் அதற்குமுன் எழுந்ததில்லை. எனினும் அவர்களை எவரும் சாட்சிகளாக அழைக்கவில்லை.

காப்பு விதி கருவியாதல்

ஒருவர் சாட்சியத்தால் எவரும் கொல்லப்படலாகாது. இருவர் அல்லது மூவர் வேண்டும் என்பது இணைச்சட்டம் 17:6 கூறும் விதி. தனிமனிதப் பகையிலிருந்து உயிரைக் காப்பதே அதன் நோக்கம். சாட்சிகள் இருவரும் ஒருமனப்பட்டுப் பொய்யுரைப்பின் அக்காப்பு வலுவிழக்கிறது. அவர்களே நீதி வழங்குவோராகவும் இருந்தமையால், மக்கள் வினவாமலே நம்பினர்.

விசாரணையின்போது முதியோர் சூசன்னாவின் முக்காட்டை விலக்கச் செய்கின்றனர்; அவள் தலைமேல் கைவைத்துச் சாட்சி கூறுகின்றனர். தீர்ப்புக்கு முன் அவளிடம் ஒரு வினாவும் எழுப்பப்படவில்லை. கணவன் யோவாக்கிமும் பேசுவதாகக் கதை காட்டவில்லை. தியொதோத்தியோன் வடிவத்தில் தண்டனை அறிவிக்கப்பட்ட பின்னரே அவள் வாய் திறக்கிறாள்; அதுவும் மன்றத்தை நோக்கியன்று, மறைந்திருப்பவற்றை அறியும் கடவுளை நோக்கியே.

விசாரணையின் வழி வந்த மீட்பு

அவள் வேண்டுதல் கேட்கப்பட்டது. ஆயினும் வானிலிருந்து நெருப்போ குரலோ வந்து அவளை விடுவிக்கவில்லை. கடவுள் தானியேல் என்னும் இளைஞனின் உள்ளத்தைத் தூண்டுகிறார். தானியேல் தனக்கு வெளிப்பாடு கிடைத்ததாகக் கூறி மக்களை நம்பச் செய்ய முயலவில்லை. ஆராயாமல் தீர்ப்பளித்தமையைக் கண்டித்து, சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்துகிறான். எம்மரத்தடியில் கண்டீர் என்ற ஒரே வினாவுக்கு ஒருவர் ‘ஸ்கீனோஸ்’ என்னும் பிசின்தரும் சிறுமரத்தையும், மற்றவர் ‘பிரீனோஸ்’ என்னும் பசுமை மாறாக் கருவாலி வகையையும் குறிப்பிடுகின்றனர். தோற்றத்திலும் அளவிலும் வேறுபட்ட இம்மரங்களை மயங்கிக் கூறியதாகக் கொள்ள இடமில்லை.

கிரேக்கத்தில் இம்மரப்பெயர்கள் முறையே பிளத்தல், அறுத்தல் என்னும் வினைகளோடு ஒலியியைபு கொண்டு, முதியோர் அடையவிருக்கும் தண்டனையை உணர்த்துகின்றன. இச்சொல்விளையாட்டைச் சுட்டி, இக்கதை எபிரேய மூலம் உடையதன்று என யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் 3ஆம் நூற்றாண்டில் ஒரிகனுக்கு எழுதினார்; ஒரிகன் அதனை மறுத்து விடையெழுதினார்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதி, சாட்சிகளிடம் ஆண்டு, மாதம், நாள், நேரம், இடம் முதலியவற்றை வினவ வேண்டும் என்கிறது. பென் சக்காய் அத்திப்பழக் காம்புகளைப் பற்றியும் சாட்சிகளை வினவியதாக அதே பகுதி குறிப்பிடுகிறது. தானியேலின் மரவினா இம்மரபோடு ஒத்துச் செல்கிறது.

தண்டனையில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. மிஷ்னாவின் மக்கோத் பகுதி, நிகழ்ச்சியின்போது சாட்சிகள் வேறிடத்தில் இருந்தனர் எனப் பிறர் நிறுவினாலே அவர்களைப் பொய்ச்சாட்சிகளாகத் தண்டிக்கிறது. சொற்கள் முரண்படுவது மட்டும் போதாது. சூசன்னா வரலாறோ முரண்பாட்டையே போதிய சான்றாக ஏற்று, இணைச்சட்டம் 19:19 கூறியவாறு, பிறர்க்கு எண்ணியதை முதியோர்க்கே செய்கிறது. அச்சட்டம் ‘சகோதரனுக்கு’ எதிரான சதியைப் பேச, பழங்கிரேக்க வடிவம் அதனைச் ‘சகோதரிக்கு’ எதிரானதாகக் குறிப்பிடுவது கருதத்தக்கது. ஆணை முன்னிறுத்திய சட்டமொழி, பழி சுமத்தப்பட்ட பெண்ணையும் தன் காப்பினுள் இவ்வாறு ஏற்றுக்கொள்கிறது.

முடிவுரை

சூசன்னாவின் மீட்பில் வேண்டுதலும் விசாரணையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வேண்டுதலுக்குக் கிடைத்த விடையே முறையான விசாரணையாக வருகிறது. சட்டம் தவறானது என்று கதை கூறவில்லை. பதவியின் மதிப்பைக் கருதி அச்சட்டத்தைப் பாதியில் நிறுத்திய சமூகத்தையே குற்றம் சாட்டுகிறது. ஆயினும் அதன் எல்லையும் வெளிப்படையானது. குற்றமற்றவள் என நிறுவப்பட்ட பின்னரும் சூசன்னா பேசுவதில்லை. பழங்கிரேக்க வடிவம் இளைஞரின் கள்ளமின்மையைப் போற்றி நிறைவுறுகிறது. தியொதோத்தியோன் வடிவம் பெற்றோரும் கணவனும் இறைவனைப் புகழ்வதையும் தானியேலின் பெருமையையும் கூறி முடிகிறது. அவளுடைய உயிரைக் காத்த மன்றம், தீர்ப்புக்கு முன்னோ பின்னோ, நடந்தது என்ன என்று அவளை வினவவே இல்லை.