ஏலக்காய் மலையிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்கு... ஒரே சாலையில் ஒரு பயணம்!

தேவாரத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். தூக்குவாளியில் சாப்பாடும் தலையில் துண்டுமாக, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். நாம் ரசிக்கப் போகும் மலைச்சாலை, அவர்களுக்கு அன்றாடம் பிழைப்புக்கான வழி. சுற்றுலா கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால், பார்க்கும் காட்சிகளுக்கே வேறு அர்த்தம் கிடைக்கும்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு நாள் போதும். முதல் நாள் மலை, மறுநாள் தீவு. இரண்டையும் இணைப்பது கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலை. முன்பு முழுவதுக்கும் 49 என்று ஒரே எண். இப்போது மூணாறு, போடி, தேனி வழியாக மதுரை வரும் சாலைக்கு 85. தனுஷ்கோடி செல்லும் பகுதிக்கு 87.

17 வளைவுகள்

தேவாரத்திலிருந்து ராசிங்காபுரம், சிலமலை வழியாகப் போடி. அங்கிருந்து முந்தல் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் மழைக்காலத்தில் புலியூத்து அருவி கொட்டும். திரும்பிப் பார்த்தால் தோப்பும் கண்மாயும் ஊர்களுமாகச் சமவெளி விரிந்து கிடக்கும்.

சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கும் போடிமெட்டுதான் தமிழக எல்லை. அதைத் தாண்டினால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை வெட்டாமல் விட்டிருப்பார்கள். காய் செடியின் அடியில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்துதான் பறிக்க வேண்டும். பறித்ததை ஸ்டோரில் சூடேற்றிக் காயவைப்பார்கள். சுமார் 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய்! அது நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்கள் உள்ள போடிக்கும், கேரளத்தின் புத்தடிக்கும் விற்பனைக்கு வரும். பாயசத்தில் தட்டிப்போடும் நான்கு காய்க்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

ஆறும் அதே வழியில்

மலை இறங்கி தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு வந்து தங்கலாம். போடி மலையில் பெய்யும் மழை, கொட்டகுடி ஆறாக இறங்கி வைகையில் சேர்கிறது. வைகையும் மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை ஏறக்குறைய இதே திசையில்தான் போகிறது.

இரண்டாம் நாள் காலையில் மானாமதுரையில் வண்டியை நிறுத்துங்கள். கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கடம் இந்த ஊர் மண்ணில் செய்வதுதான். பரமக்குடிக்கு அப்பால் பச்சை குறைந்து, பனையும் கருவேலமும் கூடவே வரும். மண்டபத்தை நெருங்கினால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்.

கடலுக்கு மேலே

பாம்பன் தீவுக்கு 1914-லேயே ரயில் பாலம் வந்துவிட்டது. ஆனால், சாலைப் பாலம் திறந்தது 1988-ல்தான். அதன்மேல் நின்றால், 2025-ல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலமும் தெரியும். கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி லிஃப்ட் போல மேலே எழும்.

ராமேஸ்வரத்தில் தரிசனம் முடித்து, தனுஷ்கோடிக்குப் போங்கள். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போனார்கள். இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள் பலரும் மண்டபம் முகாமில் காத்திருந்து இந்த வழியாகவே கடல் கடந்தார்கள். மலையில் ஜீப்பில் பார்த்த முகங்கள் இங்கே மறுபடி நினைவுக்கு வரும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் இந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் கடல் விழுங்கியது. சர்ச்சின் இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பல ஆண்டுகள் மணலில் ஜீப் மட்டுமே போக முடிந்த அரிச்சல்முனைக்கு, 2017-ல் தார்ச்சாலை திறக்கப்பட்டது.

தேவாரத்தின் காத்திருப்பு

புயல் பறித்த கரைக்கு 53 ஆண்டு கழித்துச் சாலை வந்துவிட்டது. தேவாரம் இன்னும் தன் சாலைக்காகக் காத்திருக்கிறது. ஊருக்கு மேலே இருக்கும் சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை போட வேண்டும் என்பது இங்கே பல ஆண்டுக் கோரிக்கை. அது வந்தால் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சுற்ற வேண்டியிருக்காது. ஆனால், நடுவே இருப்பது யானைகள் நடமாடும் காடு. காட்டையும் காக்க வேண்டும்; விடியும் முன் வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்ணின் இரண்டு மணி நேரத்தையும் மதிக்க வேண்டும். சுலபமான முடிவு இல்லை.

கிளம்பும் முன்...

* மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.
* ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை சரியலாம். விசாரித்துக் கிளம்புங்கள்.
* காலையிலும் மாலையிலும் தொழிலாளர் ஜீப்கள் அதிகம். வளைவுகளில் செல்ஃபி வேண்டாம்.
* அரிச்சல்முனையில் இருட்டிய பிறகு இருக்க அனுமதி இல்லை. அங்கே கடலில் குளிப்பது ஆபத்து.